மொன்ரிசோரி அம்மையாரின் முதல் மாணவர்கள்

மொன்ரிசோரி என்ற பெயரை அறியாத பெற்றோர் நம் நாட்டில் இலர் எனலாம். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்துச் சிறு நகரங்களிலும் அப்பெயரைத் தாங்கிய பலகைகளைக் காண்கின்றோம். மூன்று வயதுப் பிள்ளையை எங்கே அனுப்புகின்றீர்கள் என்று வினவினால், மொன்ரிசோரிக்கு என்பதே விடையாக வருகின்றது. ஒருவருடைய பெயர் இவ்வாறு பொதுச்சொல்லாகிவிடுதல் பெரும்புகழே. ஆயினும், பெயர் பரவப் பரவ அதற்குரியவர் மறைந்துபோதலும் உலகியற்கை. பாலர் கூடத்தின் வண்ணப் பொருள்களையும் சிறு நாற்காலிகளையும் கண்டு களிக்கும் நம்மிற் பலர், அம்முறைக்கு வித்திட்ட பிள்ளைகள் யாவர் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. உரோமாபுரியின் மனநோயாளர் விடுதிகளிலே, எழுத்தும் எண்ணும் இவர்களுக்கு ஏறமாட்டா என்று ஒதுக்கி அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகளே அவர்கள்.

ஆசிரியத் தொழிலிலே நெடுங்காலம் ஈடுபட்டவன் என்ற முறையில், அம்மையாரின் எண்பத்தோராண்டு வாழ்விலே என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த பகுதி அவர் உலகப் புகழ் பெற்ற காலம் அன்று. அப்புகழ் வருமுன், பெயரற்ற சில பிள்ளைகளோடு அவர் கழித்த இரண்டே ஆண்டுகள்தாம் என்னை மீண்டும் மீண்டும் அவர் வரலாற்றுக்கு இழுத்துச் செல்கின்றன. வகுப்பறையின் கடைசி வாங்கிலே வாய்மூடி அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றி அந்த ஆண்டுகள் நமக்குச் சொல்லவேண்டிய செய்தி இன்னும் தீர்ந்துவிடவில்லை.

பிறப்பும் கல்வியும்

1870ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 31ஆம் நாள், இத்தாலியின் அன்கோனா மாகாணத்திலே கியாராவலே என்னும் சிற்றூரில் மரியா மொன்ரிசோரி பிறந்தார். தந்தையார் அலெசாந்திரோ அரசாங்க நிதிப்பகுதியைச் சேர்ந்த உத்தியோகத்தர். பழைய ஒழுக்கங்களில் ஊன்றியவர். தாயார் ரெனில்தே நூல்களை விரும்பிக் கற்றவர். மகளுக்கு ஐந்து வயதாயிருக்கையில் குடும்பம் உரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்துப் பெண்களுக்கு ஆசிரியத் தொழிலொன்றே தக்கதெனக் கருதப்பட்டது. மரியாவோ பதின்மூன்றாம் வயதிலே தொழினுட்பப் பாடசாலையிற் புகுந்து, கணிதத்தையும் இயற்கை விஞ்ஞானத்தையும் கற்றார். முதலிற் பொறியியலை விரும்பினார். பின் மருத்துவத்தைத் தேர்ந்தார். பின்னாளிலே உலகத்து ஆசிரியர்க்கெல்லாம் ஆசிரியராக விளங்கியவர், இளமையில் ஆசிரியர் ஆவதைத் தவிர வேறெதையும் கற்க ஆயத்தமாயிருந்தார் என்பது வியப்புக்குரியது.

உரோமைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வகுப்பிலே அவர் பட்ட இன்னல்கள் பல. ஆடையற்ற உடலின் முன்னே ஆடவரும் பெண்ணும் ஒருங்கு நிற்றல் தகாது என்று கருதியமையால், ஏனைய மாணவர் சென்ற பின்னர், தனியே நின்று பிணங்களை அறுத்துக் கற்க வேண்டியவரானார். தந்தையார் நெடுங்காலம் மனங்கோணியிருந்தார். இத்தனையையும் கடந்து 1896ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணிகள் சிலருள் ஒருவரானார். அதே ஆண்டில் பேர்ளின் நகரிலே கூடிய பெண்கள் மகாநாட்டில் இத்தாலியப் பெண்களின் சார்பிலே தோன்றி, ஒரே வேலை செய்யும் பெண்ணுக்கு ஆணுக்குரிய கூலியே வேண்டும் என்று வாதித்தார். ஒதுக்கப்பட்டவர் பக்கம் நிற்கும் இயல்பு அவருக்குப் பிற்காலத்தில் வந்ததன்று என்பதற்கு இஃதொன்றே போதும்.

வெறுமையான அறை

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழகத்தின் மனநோய்ச் சிகிச்சை நிலையத்தில் ஊதியமின்றி உதவி மருத்துவராகப் பணிபுரிந்தார். சிகிச்சைக்குரியோரைத் தெரிவு செய்வதற்காக நகரத்து மனநோயாளர் விடுதிகளுக்குச் செல்வது அவர் கடமைகளுள் ஒன்று. அங்கே வளர்ந்த நோயாளரோடு சிறு பிள்ளைகளும் அடைக்கப்பட்டிருந்தனர். அறிவு குன்றியவர், வலிப்பு நோயுடையவர், பேச்சு வராதவர், யாருமற்றவர் என்று பல வகைப்பட்ட பிள்ளைகளையும் அக்காலம் ஒரே பெயரால் அழைத்து ஒரே கூரையின் கீழ் வைத்துப் பூட்டியது. கற்றல் இடர்ப்பாடு என்று இன்று நாம் வகுத்துக் கூறும் நிலைகள் அன்று பிரித்தறியப்படவில்லை.

அவ்விடுதியொன்றிலே நிகழ்ந்ததாக வரலாற்று ஆசிரியர்கள் தவறாது கூறும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. உணவு முடிந்ததும் பிள்ளைகள் நிலத்திலே விழுந்து, சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்களாம். அவர்களைக் கவனிக்கும் பெண்மணி, மிருகங்களைப்போல் உண்கின்றார்கள் என்று அருவருப்போடு கூறினாராம். இளம் மருத்துவரோ அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவரும் நிலமும் தவிர அங்கே ஒன்றுமில்லை. கையாற் பற்றுதற்கும், உருட்டுதற்கும், அடுக்குதற்கும் ஒரு பொருளும் இல்லாத அந்த வெறுமையில், ரொட்டித் துணுக்குகளே அப்பிள்ளைகளுக்குக் கிடைத்த விளையாட்டுப் பொருள்கள். அவர்களது பசி வயிற்றுப் பசி மாத்திரமன்று. கையின் பசி, கண்ணின் பசி, அறிவின் பசி என்று அவர் உணர்ந்தார். அப்பசிக்கு மருந்துப் புட்டியில் விடை இருக்கவில்லை.

இரு பிரான்சிய முன்னோடிகள்

விடையைத் தேடிப் பழைய நூல்களைப் புரட்டிய அம்மையார், பிரான்சு தேசத்து மருத்துவர் இருவரைக் கண்டடைந்தார். ஒருவர் இத்தார். 1800ஆம் ஆண்டளவில் அவெரோன் பகுதியின் காட்டிலே மனிதத் தொடர்பின்றித் திரிந்து அகப்பட்ட சிறுவன் ஒருவனைப் பொறுப்பேற்று, ஐந்தாண்டுகளாக அவனுக்குக் கேள்வியையும் பார்வையையும் தொடுவுணர்ச்சியையும் பயிற்றியவர் அவர். சிறுவன் பேசக் கற்றானல்லன். இத்தாரும் தாம் தோற்றதாகவே எண்ணினார். ஆனால் அவர் எழுதிவைத்த குறிப்புகள் தோற்கவில்லை. அவரிடம் பயின்ற செகான் என்பவர், அம்முயற்சியை ஒரு முறையாக வகுத்து, பாரிசு நகரிலே அறிவு குன்றியவர் எனப்பட்ட பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் கற்பித்தார். 1846இல் பெருநூலொன்றும் எழுதினார். பின் அமெரிக்காவிற் குடியேறி 1880இல் மறைந்தார்.

இவ்விருவருடைய எழுத்துக்களையும் அம்மையார் வாசித்ததோடு அமையவில்லை. அச்சுப்பொறி தோன்றுமுன் துறவிகள் ஏடெழுதியதுபோல, ஒவ்வொரு சொல்லையும் இத்தாலியமொழியிற் பெயர்த்துத் தம் கையாலேயே எழுதினார். விரைந்து படித்தால் விட்டுப்போகும் பொருள், மெல்ல எழுதினால் அகப்படும் என்பது அவர் துணிபு. கையினால் எழுதுதல் அறிவுக்குள் நுழையும் ஒரு வாயில் என்பதை, பிள்ளைகளுக்குப் போதிக்குமுன் தம்மிடத்திலேயே அவர் கண்டுகொண்டார் போலும்.

1898ஆம் ஆண்டு தூரின் நகரிலே கூடிய கல்வி மகாநாட்டில், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பிரச்சினை மருத்துவத்தைவிடக் கல்வியையே பெரிதும் சார்ந்தது என்று அவர் எடுத்துரைத்தார். மருத்துவர் ஒருவர் இவ்வாறு கூறியது அவையோரைத் திகைக்கவைத்தது. இக்கூற்றின் கனத்தை ஆசிரியர்களாகிய நாம் உணர்தல் வேண்டும். குறை மருத்துவருடையதாயின் நாம் கைகழுவிவிடலாம். கல்வியினுடையதாயின், பொறுப்பு நம் மேசைக்கே வந்துவிடுகின்றது.

இரண்டு ஆண்டுகள்

இதன் பயனாக 1900ஆம் ஆண்டில் உரோமாபுரியிலே அத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியரைப் பயிற்றும் கலாசாலையொன்று தோன்றியது. முதல் வகுப்பிலே 64 ஆசிரியர்கள் சேர்ந்தனர். மொன்ரிசோரி அம்மையாரும் மருத்துவர் யுசெப்பே மொன்தெசானோவும் அதன் இணைத் தலைவர்கள். கலாசாலையை ஒட்டி, பாடசாலைகளிலிருந்து தள்ளப்பட்ட பிள்ளைகளும் விடுதிகளிலிருந்து கொணரப்பட்ட பிள்ளைகளும் பயிலும் வகுப்பொன்று நடைபெற்றது. அம்மையார் மேற்பார்வை செய்வதோடு நின்றாரல்லர். காலை எட்டு மணி தொடக்கம் மாலை ஏழு மணிவரை பிள்ளைகளோடிருந்து தாமே கற்பித்தார். இரவிலே அன்றைய குறிப்புகளை எழுதி, வகுத்து, ஒப்பிட்டு, மறுநாளைக்குரிய பொருள்களை ஆயத்தஞ் செய்தார். கல்வித்துறையில் தமக்குக் கிடைத்த முதலாவதும் உண்மையானதுமான பட்டம் அந்த இரண்டு ஆண்டுகளே என்று பிற்காலத்தில் அவர் கருதினார்.

அங்கே அவர் கற்றுக்கொண்டது யாது? ஒரு சிறு நிகழ்ச்சியால் அதனை விளக்கலாம். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தையல் கற்பிக்க முயன்றனர். ஊசியைத் துணிக்கு மேலும் கீழுமாக மாறி மாறிச் செலுத்தும் எளிய தையலும் அவளுக்கு வரவில்லை. பன்முறை செய்து காட்டியும் பயனில்லை. அம்மையார் ஊசியையும் துணியையும் எடுத்து வைத்துவிட்டு, கடதாசிப் பின்னலை அவள் கையிற் கொடுத்தார். நம் ஊரிலே ஓலையில் தடுக்கு இழைப்பதுபோல, நெடுக்காக நிற்கும் பட்டிகளினூடே ஒரு பட்டியைக் குறுக்காக மேலும் கீழுமாகச் செலுத்தும் வேலை அது. சிறுமி அதில் ஆர்வங்கொண்டு தேர்ந்தாள். பின்னர் ஊசியைக் கொடுத்தபோது, கை தானாகவே தையலைச் செய்தது. தையலுக்கு வேண்டிய அசைவு தையலினாலன்றி வேறொன்றினால் அவள் கையிற் படிந்திருந்தது.

இந்நிகழ்ச்சி சிறிது, ஆனால் அதிலிருந்து அம்மையார் எடுத்த முடிபு பெரிது. ஒரு பிள்ளை ஒரு வேலையைச் செய்ய இயலாது நிற்கும்போது, அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விப்பது கற்பித்தலாகாது. அவ்வேலையினுள் மறைந்து கிடக்கும் சிறு வேலைகள் எவை என்று ஆசிரியர் முதலில் ஆராய்தல் வேண்டும். அவற்றுள் பிள்ளை தடுக்கி விழும் இடத்தைக் கண்டு, அதனை மாத்திரம் தனியே பிரித்து, வேறொரு வழியாற் பயிற்றுதல் வேண்டும். பயிற்சி முற்றியபின், விட்ட வேலைக்கே பிள்ளையை மீட்டும் கொண்டுவருதல் வேண்டும். இறுதிப் படியையே நம்மிற் பலர் மறந்துவிடுகின்றோம். கடதாசிப் பின்னலோடு அச்சிறுமியை நிறுத்திவிட்டால் அது இரக்கமாகும், கல்வியாகாது.

எழுத்தறிவித்தலிலும் இதே முறையை அவர் கையாண்டார். மரத்தினாலே அழகிய எழுத்துக்களைச் செய்வித்து, உயிரெழுத்துக்களுக்குச் சிவப்பும் மெய்யெழுத்துக்களுக்கு நீலமும் பூசுவித்தார். பிள்ளைகள் அவ்வெழுத்துக்களின் வடிவத்தை, எழுதும் போக்கிலேயே, முதலிற் சுட்டுவிரலாலும், பின் இரு விரல்களாலும், அதன்பின் எழுதுகோல்போற் பிடித்த சிறு குச்சியாலும் தடவிப் பழகினர். கண் வடிவத்தைக் கண்டது. செவி ஒலியைக் கேட்டது. விரல் வழியை அறிந்தது. கண் மறந்ததைக் கை நினைவூட்டியது. பெயர் கற்பித்தற்குச் செகான் வகுத்த மூன்று படிகளையும் அவர் போற்றிக்கொண்டார். ஆசிரியர் பொருளைக் காட்டிப் பெயர் கூறுதல் முதற்படி; பெயர் கூறப் பிள்ளை பொருளை எடுத்தல் இரண்டாம் படி; பொருளைக் காட்டப் பிள்ளையே பெயர் கூறுதல் மூன்றாம் படி. நம் வகுப்பறைகளிலே முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்குத் தாவுவதே வழக்கம். இடைப்படி இல்லாமையால் விழும் பிள்ளையை மந்தன் என்கின்றோம்.

விரலால் எழுத்தறிதல் தமிழர்க்குப் புதியதன்று. விசயதசமி நாளிலே குழந்தையின் விரலைப் பற்றி அரிசியில் எழுதுவிக்கின்றோம். நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியில் மணலிலே எழுதிப் பழகினர். ஆனால் நாம் ஒரு நாட் சடங்காகச் சுருக்கிவிட்டதை, கை எழுத்தை அறிந்துகொள்ளும்வரை தொடரவேண்டிய பயிற்சியாக அம்மையார் கொண்டார். வேற்றுமை அவ்வளவே, விளைவிலோ வேற்றுமை பெரிது.

பரீட்சையும் வினாவும்

பிள்ளைகள் வாசிக்கவும் எழுதவும் கற்றனர். அப்போது அம்மையார் துணிந்து ஒரு காரியஞ் செய்தார். அவர்களுட் சிலரை, பொதுப் பாடசாலையிலே, எக்குறையும் அற்றவர் எனப்பட்ட பிள்ளைகளோடு ஒருங்கே பரீட்சைக்கு இருத்தினார். அவர்கள் சித்தியடைந்தனர். அவர்களுக்கெனத் தனிப் பரீட்சை வகுக்கப்படவில்லை, வினாத்தாள் இலேசாக்கப்படவுமில்லை. போய்ச் சேரவேண்டிய இடம் எல்லார்க்கும் ஒன்றாகவே இருந்தது. வழி மாத்திரமே வேறாயிருந்தது. பொதுவான பாடங்களைப் பொதுவான வகுப்பிலே இடர்ப்பாடுடைய பிள்ளையும் கற்று வெல்லலாம் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று அக்காலத்திலே வேறெங்கே இருந்தது?

கண்டோர் அதிசயம் என்றனர். அம்மையார் மாத்திரம் அவ்வாறு மகிழ்ந்திருக்கவில்லை. விடுதியிலே கிடந்த பிள்ளைகள் தக்க வழியாற் கற்று இவ்வளவு தூரம் வர முடியுமாயின், எக்குறையுமற்ற பிள்ளைகள் அவர்களுக்குச் சமமாகவே நிற்பதன் காரணம் என்ன என்ற ஐயம் அவரை வருத்தியது. தம் மாணவர் உயர்ந்தனர் என்பதைவிட, ஏனையோர் பாடசாலையாலே தாழ்த்தப்பட்டுள்ளனர் என்பதே அவர் கண்ட உண்மை. எல்லாரும் அற்புதம் கண்ட இடத்தில் குற்றச்சாட்டைக் கண்டமையே அவருடைய மேதை என்று நான் எண்ணுகின்றேன்.

ஆயினும் அக்கலாசாலையில் அவர் நெடுங்காலம் நிலைக்கவில்லை. அவருக்கும் மொன்தெசானோவுக்கும் 1898ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மரியோ என்னும் மகன் பிறந்திருந்தான். இருவரும் மணஞ் செய்துகொள்ளவில்லை. மணமாகாத தாய் என்ற செய்தி வெளிவந்தால் ஒரு பெண்ணின் தொழிலும் பெயரும் ஒரே நாளில் அழிந்துபோகும் காலம் அது. குழந்தை நகருக்கு வெளியே வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். 1901இல் மொன்தெசானோ வேறொருவரை மணந்தார். அம்மையார் கலாசாலையை விட்டு நீங்கினார். உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தாயானவர், தாம் பெற்ற மகனைத் தம் மகன் என்று சொல்ல இயலாது ஆண்டுகள் பலவற்றைக் கழித்தார் என்பது அவர் வரலாற்றின் மாறாத துயரம். 1912இல் தாயார் இறந்தபின்னரே, பதினைந்து வயதை எட்டிய மரியோ அவரோடு வந்து சேர்ந்தார். அதன்பின் இறுதிவரை அவருக்கு வலக்கையாக விளங்கினார்.

அவர் நீங்கியமையால் அவ்வகுப்பின் பிள்ளைகள் இழந்தது எவ்வளவு என்பதையும் நாம் நினைத்தல் வேண்டும். அவர்களிடம் கற்ற கல்வியோடு அம்மையார் வேறு பிள்ளைகளை நோக்கிச் சென்றார். வாழ்க்கை அவரை அவ்வழியே தள்ளியது. ஆனால் கடன் கடனாகவே நின்றது.

புகழும் அலைச்சலும்

பின்வந்த வரலாற்றை உலகம் நன்கறியும். மீண்டும் பல்கலைக்கழகத்திற் புகுந்து மெய்யியலும் மானிடவியலும் கற்ற அம்மையார், 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், உரோமாபுரியின் வறிய பகுதியாகிய சன் லொரென்சோவிலே, தொழிலாளர் குடியிருப்பொன்றில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். இரும்புக் கட்டிலோரம் கிடந்த பிள்ளைகளுக்காக ஆக்கிய பொருள்களையும் முறைகளையும், ஆறு வயதுக்குட்பட்ட அக்குழந்தைகளிடம் திருத்திக் கையாண்டார். மரவெழுத்துக்கள் உப்புத்தாள் எழுத்துக்களாயின. சில மாதங்களில் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் தாமாகவே எழுதத் தொடங்கினர். செய்தி நாடெங்கும் பரவியது. 1909இல் அவரது நூல் வெளிவந்தது. 1912இல் ஆங்கிலத்திற் பெயர்ந்தது. 1915இல் சான் பிரான்சிசுக்கோ பொருட்காட்சியிலே கண்ணாடிச் சுவரெழுப்பி அவர் முறையில் வகுப்பு நடத்த, மக்கள் வெளியே நின்று பார்த்தனர்.

முசோலினியின் அரசாங்கம் 1924ஆம் ஆண்டளவில் அவர் பாடசாலைகளை ஆதரித்ததும், அவர் அவ்வாதரவை ஏற்றதும் மறைத்தற்குரியனவல்ல. ஆனால் குழந்தையைச் சுதந்திர மனிதனாக்கும் கல்வியும் அதனைப் படைவீரனாக்கும் ஆட்சியும் நெடுங்காலம் ஒன்றி வாழ முடியவில்லை. 1934இல் அவர் இத்தாலியை விட்டு நீங்கினார். அங்கே அவர் பாடசாலைகள் மூடப்பட்டன. பார்சிலோனாவிற் குடியிருந்தவரை 1936இல் உள்நாட்டுப் போர் துரத்தியது. பின் ஒல்லாந்து தேசம் புகலிடமாயிற்று.

1939ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அருண்டேலும் உருக்குமணி தேவியும் அழைக்க, மரியோவோடு சென்னை வந்து அடையாற்றிலே பயிற்சி வகுப்பு நடத்தினார். ஏறத்தாழ 300 பேர் அதிற் சேர்ந்தனர். 1940இல் இத்தாலி போரில் இறங்கவே, பிரித்தானிய அரசாங்கம் மரியோவைச் சிறைமுகாமில் வைத்து, அம்மையாரை அடையாற்றின் எல்லைக்குள் நிறுத்தியது. அவரது எழுபதாவது பிறந்தநாளன்று மகன் விடுவிக்கப்பட்டார். போர்க்காலத்தின் ஒரு பகுதியைக் கொடைக்கானலிலே கழித்து, ஆறு வயதுக்கு மேற்பட்ட மாணவர்க்குரிய கல்வியை விரித்து வகுத்தார். 1944இல் நம் நாட்டிலும் ஆசிரியர்க்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். இன்று தெருத்தோறும் காணும் பலகைகளின் பின்னே இத்தொடர்பும் உண்டு. 1946இல் ஐரோப்பாவுக்குத் திரும்பி, மீண்டும் இந்தியா வந்து பணியாற்றி, 1952ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் ஒல்லாந்தின் கடற்கரையூராகிய நோர்ட்வைக்கிலே காலமானார்.

தீராத கடன்

அம்மையார் மருத்துவப் பட்டம் பெற்ற அதே 1896ஆம் ஆண்டில், பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில மருத்துவர், கூரிய அறிவுடையவனாயிருந்தும் எழுத்துக்களை வாசிக்க இயலாத பதினான்கு வயது மாணவன் ஒருவனைப்பற்றி எழுதினார். அறிவு வேறு, எழுத்தைப் பற்றும் ஆற்றல் வேறு என்ற உண்மை மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. அமெரிக்காவிலே கிரேசு பேர்னால்ட் என்னும் அம்மையார், பெரிதாக எழுதிய சொல்லை மாணவர் வாயாற் சொல்லிக்கொண்டே விரலால் தடவி, பின் பாராது எழுதும் முறையை 1943இல் வெளிவந்த நூலில் விளக்கினார். கண்ணும் செவியும் கையும் கூடிக் கற்றல் என்ற அம்முறையின் சாயலை, உரோமாபுரியின் மரவெழுத்துக்களிலே நாம் முன்னரே காண்கின்றோம்.

அம்மையாரின் தாயகமும் ஒருவாறு கடனைத் தீர்த்தது. 1977ஆம் ஆண்டின் 517ஆம் இலக்கச் சட்டத்தால் இத்தாலி தனி வகுப்புக்களை ஒழித்து, குறைபாடுடைய பிள்ளைகளைப் பொது வகுப்பிலே உதவியாசிரியர் துணையோடு கற்கச் செய்தது. 2010ஆம் ஆண்டின் 170ஆம் இலக்கச் சட்டம், வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் இடர்ப்பாடுடைய மாணவருக்கு, பொது வகுப்பிலிருந்தே தக்க கருவிகளையும் மேலதிக நேரத்தையும் பெறும் உரிமையை அளித்தது. அன்று அம்மையார் சில பிள்ளைகளுக்காகத் திறந்த பரீட்சை மண்டபத்தின் கதவு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் எல்லார்க்குமாகச் சட்டத்தாலே திறக்கப்பட்டது.

நம் வகுப்பறைக்கு வருவோம். சரித்திர பாடத்திலே வாயால் வினவினால் ஒன்றுவிடாது விடை சொல்லி, எழுதக் கேட்டால் வெறுந்தாளை நீட்டும் மாணவரை ஒவ்வோர் ஆசிரியரும் கண்டிருப்பர். நானும் பலரைக் கண்டிருக்கின்றேன். சோம்பேறி என்ற பெயர் அவர்களுக்கு எளிதிற் கிடைத்துவிடுகின்றது. நம் எழுத்தின் இயல்பைச் சற்றே எண்ணுவோம். கெ என்னும் எழுத்திலே கொம்பு முன்னே நிற்கின்றது. அதன் ஒலியோ மெய்க்குப் பின்னே வருகின்றது. கொ என்பதில் உயிர்க்குறி மெய்யின் இரு பக்கமும் பிரிந்து நிற்கின்றது. ரகர றகரங்களும், லகர ளகர ழகரங்களும், ணகர னகரங்களும் செவிக்கு அணுகி நிற்கின்றன. நமக்கு எளிதாகிவிட்ட இவை, ஒரு பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் முள்வேலியாகலாம். அவ்வேலிக்கு அப்பால் சரித்திரமும் பூமிசாத்திரமும் விஞ்ஞானமும் அவனுக்காகக் காத்திருக்கின்றன.

வேலியைக் கடக்கும்வரை அப்பாடங்களை அவனுக்கு மறுத்தல் நீதியாகுமா? பூமிசாத்திரத்திலே நாடுகளைத் தனித்தனியாகக் கழற்றிப் பொருத்தும் மரப்படத்தை அம்மையார் கொடுத்தார். கணக்கிலே ஒன்றுக்கு ஒரு மணி, பத்துக்கு ஒரு மணிக்கோவை, நூறுக்கு ஒரு சதுரம், ஆயிரத்துக்கு ஒரு கனம் என்று கையில் ஏந்தி நிறையறியும் பொருளைக் கொடுத்தார். பாலர் வகுப்போடு இவற்றின் பயன் முடிவதில்லை. ஆறாம் வகுப்பிலே இடப்பெறுமானம் விளங்காது தவிக்கும் மாணவனுக்கு அம்மணிகள் தேவை. அவற்றைக் கொடுப்பது அவனைக் குழந்தையாக்குவதாகாது. விட்டுப்போன படியை இட்டுக்கொடுப்பதாகும். வினாவை வாசித்துக் காட்டுதல், விடையை வாயாற் கேட்டல், சிறிது நேரம் கூட்டிக்கொடுத்தல் ஆகியனவும் அவ்வாறே. இவற்றால் பாடத்தின் தரம் குறைவதில்லை. குறைவது தடை ஒன்றே.

நாற்பது மாணவர் நெருங்கிய வகுப்பிலே இஃது இயலுமா என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பர். கேள்வி நியாயமானது. தனியொருவராக எல்லாம் செய்தல் அரிது. உதவியாசிரியரும் கருவிகளும் பயிற்சியும் அரசினரால் வழங்கப்படல் வேண்டும். ஆனால் அம்மையாரின் முதற் கருவி பணத்தால் வாங்கப்பட்டதன்று. பிள்ளை எந்த இடத்தில் விழுகின்றது என்று பார்த்தலும், இரவிலே அதனைக் குறித்துவைத்தலுமே அது. அக்கருவி எந்தப் பாடசாலைக்கும் எட்டாததன்று.

மொன்ரிசோரி அம்மையாரின் பெயரை நம் நாட்டவர் பாலர் பாடசாலையின் வாயிலிலே எழுதி வைத்தோம். குழந்தை அவ்வாயிலைக் கடந்து பெரிய பாடசாலைக்குச் சென்றதும் அப்பெயரை மறந்துவிடுகின்றோம். ஆறு வயதுவரை ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் வழி உண்டு என்று ஏற்றுக்கொண்ட நாமே, ஏழாம் வயது தொடக்கம் எல்லார்க்கும் ஒரே வழி என்று விதிக்கின்றோம். அவ்வழியிலே நடக்க இயலாதவரைக் கடைசி வாங்குக்கு அனுப்புகின்றோம். அம்மையாரின் கல்வியோ கடைசி வாங்கிலும் இடமற்றிருந்த பிள்ளைகளிடமிருந்து வந்தது. அவர்களுடைய பெயர்களை வரலாறு பேணவில்லை. அவர்கள் பரீட்சை எழுதிச் சித்தியடைந்த செய்தியை மாத்திரம் நமக்கு விட்டுச் சென்றிருக்கின்றது. அச்செய்தியை நம்பும் ஆசிரியர் ஒருவர் இருக்கும் வகுப்பிலே, எந்தப் பிள்ளையும் முற்றாகத் தோற்றுவிடாது.